ஆறரை மணித் தண்ணீர்

2024 செப்டம்பர் 12, வியாழன். இரவு 8.10.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அம்மாவின் கவனிப்புக் கொப்பியில் ஒரு சின்னப் பிழை செய்திருக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் "மாலை 6.30, தண்ணீர்" என்ற வரிக்கு எதிரே சரி போட்டிருக்கிறேன். மூன்றுமே பொய். நான் கொடுக்கவில்லை.

கீழே எழுதுவது மாத்தளையில், எங்கள் வீட்டில் நடந்தது. பயத்தில் ஏதாவது கூட்டிவிட்டேனோ என்று மூன்று முறை வாசித்தேன். வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். தினமும் காலையில் வேனில் கண்டிக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுக்கிறார். நான்காவது வாரம். எச்சில் ஊறுவதில்லை, வாயெல்லாம் புண். குரல் போய்விட்டது, இரண்டொரு சொல் கிசுகிசுப்பார். மணிக்கு ஒரு தடவை கோஸ் துணியை நனைத்து உதட்டில் வைத்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடவேண்டும். விட்டதும் கொப்பியில் சரி போடவேண்டும். என்னைச் சிங்களத்தில் தங்கை என்ற பொருளில் நங்கி என்று கூப்பிடும் தாதி தினுஷா மிஸ் அதைப் பார்த்து, "பிரவீனா நங்கி நல்லா பாக்குறா" என்பார்.

ஆறு மணிக்கு எனக்குப் போனில் ஆங்கில வகுப்பு. ஆறரைக்கு அம்மா கரண்டியால் தம்ளரைத் தட்டுவார். எனக்குக் கேட்கும். அந்த வாயின் வாடையை என்னால் தாங்க முடியவில்லை. சத்தத்தைக் கூட்டிவைப்பேன். எழுதவே கூசுகிறது.

திங்கள், 7.30. வகுப்பு முடிந்து போனேன். அம்மாவின் உதடு ஈரமாக இருந்தது. தானே எடுத்துக் குடித்திருப்பார் என்று நினைத்தேன்.

செவ்வாய், 7.30. உதட்டில் கோஸ் துணி. முக்கோணமாக மடித்திருந்தது. நான் நாலாகத்தான் மடிப்பேன். அதில் கராம்பு வாசம். எங்கள் வீட்டில் கராம்பு இல்லை.

"இன்னிக்கு ஒன் கை ஜில்லுன்னு... நல்லாருந்துச்சு" என்றார் அம்மா.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்றேன்.

புதன். ஆறு மணிக்கே சரி போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

6.29. டிங்... டிங்...

6.31. தட்டுவது நின்றது.

இயர்போனைக் கழற்றினேன். உள்ளே கரண்டி கலக்கும் சத்தம். அம்மா விழுங்கும் சத்தம். பிறகு ஒரு குரல்.

"மெதுவா... மெதுவா..."

அம்மாவுக்குக் குரல் இல்லை.

வீட்டில் வேறு யாருமில்லை. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அம்மாவின் அறை வாசல் திரையை விலக்கினேன்.

அம்மா மட்டும்.

உதட்டில் முக்கோணத் துணி.

தம்ளருக்குள் கரண்டி... இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"ஏன் திரும்ப வந்த? இப்பதான போன?"

இன்று காலை 8.40. சிகிச்சை அறைக்கு வெளியே, காத்திருக்கும் வாங்குப் பலகையில் அம்மாவின் பக்கத்து இடம் காலி. அது வேலம்மா அக்காவின் இடம். ரத்தோட்டைப் பக்கம், கராம்பு காயவைக்கிற ஸ்டோரில் வேலை. அவருக்கும் தொண்டையில்தான். "கரண்ட் வச்சு வச்சு வாய் அடுப்பாயிருச்சு புள்ள, ஒரு ரொட்டி சுடலாம்" என்று கரகரத்த குரலில் சிரிப்பார். தன் லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, நனைத்து அம்மாவின் உதட்டையும் துடைத்துவிடுவார். முக்கோணமாக மடித்து.

"வேலம்மா அக்கா எங்க மிஸ், திங்கள்ல இருந்து காணோம்?"

தினுஷா மிஸ் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம செத்துட்டாங்க நங்கி. மருமக கொப்பிய திருப்பிக் குடுத்து அழுதா. எல்லா மணிக்கும் சரி இருக்கு. ஆனா பின்னேரம் ஆறரைக்கு அவங்க தட்டித் தட்டிக் கூப்பிட்டாங்களாம். இவ சரிய மட்டும் போட்டுட்டு டீவி பாத்திருக்கா. ஏழு மணிக்குப் போறப்ப... வாய் காஞ்சு, முடிஞ்சிருச்சி."

பிறகு என் கொப்பியைப் புரட்டினார். "நீ அப்பிடி இல்ல. நல்ல பிள்ள."

நான் தலையாட்டினேன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. 6.30க்கு நானே துணியை நனைத்து வைத்தேன். அறைக்குள் வேறு யாரும் வரவில்லை. வாசமும் இல்லை. அம்மா கண்ணை மூடியபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கை சுடுது... நேத்து வந்த கைதான் நல்லாருந்துச்சு."

நாளை, வெள்ளி. மாலை 6.25க்குக் கையைப் பானையின் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். 6.30க்கு அம்மாவுக்குத் தண்ணீர். சரி போடுவது அதற்குப் பிறகு.