கண்வலிப் பூவின் கிழங்கு

நான், என் மனைவி, அவள் தம்பி, பரிசல்காரர். அன்று திட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

பவானிக்கு மேலே, ஆற்று நடுவில் உள்ள திட்டு அது. குத்தகைக்காரருக்காக முள் வெட்டப் போயிருந்தோம். தை மாதம். கொடிகள் காய்ந்து கிடந்தன. கடப்பாரை போட்ட இடத்தில் கிழங்கு வந்தது. மச்சினன் மண்ணைத் தட்டிப் பார்த்தான்.

"காட்டுவள்ளி, மாமா."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

மதியம் மனைவி வேகவைத்தாள். செவ்வாய்க்கிழமை, அவளுக்கு விரதம். பரிசல்காரர் சோறு கொண்டுவந்திருந்தார். நான் ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டேன். கசப்பு.

மச்சினன் உப்புத் தொட்டுத் தின்றான். "அக்கா கை பட்டா எதுதான் கசக்காது?"

"கசந்தாத் துப்புடா. திங்கச் சொல்லி யாரு உன்னக் கும்பிட்டாங்க?" என்றாள்.

சாயங்காலம் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு, நிற்கவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன கிழங்கு என்று டாக்டர் கேட்டார். காட்டுவள்ளி என்றேன். நம்பவில்லை. செடியைக் கொண்டுவரச் சொன்னார்.

மறுபடி பரிசலில் போனேன். தோண்டின இடத்துக்குப் பக்கத்தில், நிழலில், அதே கொடி ஒன்று பச்சையாக நின்றது. நுனியில் ஒரு பூ. சிவப்பும் மஞ்சளும், நெருப்பு எரிகிற மாதிரி.

பரிசல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்வலிப் பூவுங்க."

எனக்கும் தெரிந்த பூதான். உற்றுப் பார்த்தால் கண்ணில் நோவு வரும் என்பார்கள். அதனால் அந்தப் பெயர். சின்ன வயதிலிருந்தே விலகித்தான் போவோம். ஒருத்தரும் அடியில் தோண்டிப் பார்த்ததில்லை.

கிழங்கோடு பிடுங்கிக்கொண்டு போனேன். நர்ஸம்மா மூலனூர்ப் பக்கம். அங்கே விதைக்காக இதைத் தோட்டத்தில் பயிர் செய்கிறார்கள். பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"இதைக் கலப்பைக் கிழங்குன்னும் சொல்லுவாங்க. ரெண்டாப் பிரிஞ்சு வளைஞ்சிருக்குது பாருங்க, ஏர்க்கலப்பையாட்டம். அத்தனையும் வெசம். இதைப் போயித் தின்னுபோட்டீங்களே, அண்ணா."

"பூ தெரியுமுங்க. கிழங்கு தெரியாதுங்க."

மாற்று மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஒரு வாரம் தாண்டினால் பிழைப்பான் என்றார்.

மனைவி வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான வேக வெச்சேன்" என்றாள்.

மூன்றாம் நாள் அவன் டீ கேட்டான். ஓடிப்போய் வாங்கி வந்தாள். இரண்டு வாய் குடித்தான். "சக்கரை பத்தலக்கா" என்றான். அவள் கடைக்காரனைத் திட்டினாள்.

மறுநாள் காலையில் போய்விட்டான்.

காகிதம் எழுத வயது கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

இருபத்தாறு.