சப்பரம் போகும் நேரத்துக் காவல்

என் மகள் போலீசில் பெரிய அதிகாரி. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கழுத்து நிமிரும். என் பெயரை எழுதவே எனக்கு மூச்சு வாங்கும். என் வயிற்றில் பிறந்தவளுக்குப் படகுத்துறையே சல்யூட் அடிக்கிறது.

இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் திருட்டு கூடிக்கொண்டே போனது. அவள் பழைய புகார்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த நாள், எந்த நேரம் என்று பிரித்துப் பார்த்தாள். ஒருநாள் எனக்கும் காட்டினாள். குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள். ஒன்று மட்டும் தென்னை மாதிரி நின்றது.

"இது என்னட்டி?"

"மாதா திருவிழாம்மா. சப்பரம் பொறப்பட்டா தெருவே காலி. கதவப் பூட்டுங்கன்னா ஒருத்தரும் கேக்க மாட்டீங்க. கள்ளனுக்குத் தெரியாதா?"

உண்மைதான். மாதா தெருவுக்கு வரும்போது கதவைப் பூட்டுவது அவளையே நம்பாத மாதிரி. எங்கள் ஆட்கள் வெறுமனே சாத்திவிட்டுத்தான் போவோம்.

அதனால் இந்த வருடம் வீட்டுக்கு ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் சொன்னாள்.

"மேடம் வீட்டுல யாரு இருப்பா?" என்று ஒருவன் சீண்டினான்.

"எங்கம்மா," என்றாள், என்னைக் கேட்காமலே.

சப்பரத்துக்கு முன்னால் செபமாலையைத் தொடங்குவது நான். தீவுக்கு வாழ வந்ததிலிருந்து அந்த இடம் என்னுடையது. ஆனாலும் நாலு பேர் நடுவில் மகளின் வாக்கைத் தள்ள எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் இரும்புக் கேட்டுக்கு உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தெரு முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் கிழவியைத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி கம்பி வழியே கேட்டாள்: "என்னக்கா, மக உன்னையும் ஜெயில்ல போட்டுட்டாளா?"

"வாய மூடுட்டி. டூட்டி பாக்கேன்."

சப்பரம் வந்தது. என் இடத்தில் மைக்கில் செபமாலை சொன்னவள் பாதியில் தடுமாறினாள். என் கை கேட்டின் கொண்டிக்குப் போய்விட்டது. வெளியே நின்ற கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே, "மாஜி, அந்தர் ரஹியே" என்றான். உள்ளேயே இருக்க வேண்டுமாம். கையை எடுத்துக்கொண்டேன். கடைசியாக மாதாவின் முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த மகள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் தோளைப் பிடித்தாள்.

"ஒரு புகாரும் வரலம்மா! நான் பாத்தது சரி. இனி வருசா வருசம் இப்படித்தான். மத்த ஊருக்கும் சொல்லப் போறோம்."

ஒரு வீட்டில் ஒரு குடமாவது களவு போயிருக்கக் கூடாதா என்று நினைத்துவிட்டேன். ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லது மக்கா," என்றேன். "கை கழுவிட்டு வா, சாப்புடலாம்."