அதிகாரி வீட்டு அல்வா

எங்கள் தலைமையாசிரியர் நல்லாசிரியர் விருதுக்கு ஆசைப்பட்ட வருடம்தான் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து சுற்றுலா போனோம். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது வேன் சாத்தூரைத் தாண்டும்வரை எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் அருப்புக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு கரிசல் காட்டு வழியே நடை. இவ்வளவும் கடந்து போனால் தலைமையாசிரியரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

அவர் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. பள்ளியைச் சோதிக்கக் கல்வி அதிகாரி வருகிற நாளில் மட்டும் அவருக்கு உயிர் வரும். வாசலிலேயே நிற்பார். அதிகாரியின் பையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடுவார். பை இல்லாவிட்டால் குடையை வாங்கிக்கொள்வார். குடையும் இல்லாத அன்று, நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டே பின்னால் நடப்பார். நாங்கள் வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்போம். அவர் திரும்பினால் வணக்கம் சொல்வோம். நாங்களும் அப்படியொன்றும் ஒழுங்கில்லை.

காலாண்டு விடுமுறையில் குற்றாலம் போகலாம் என்று அவராகவே சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் தவிர நான் ஊரைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பண்டத்தைத் தின்றுகொண்டே போகப்போகிறோம் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

வேனில் ஏறியதும் ஒரு பெரிய அண்டா காலில் இடித்தது. தலைமையாசிரியர் வீட்டில் கிண்டிய எலுமிச்சைச் சோறு.

"வெளிச் சாப்பாடு வயித்துக்கு ஆகாது டீச்சர்" என்றார். எங்கள் பணத்தில் எங்கள் வயிற்றைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை.

சாத்தூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடை வாசலில் கொப்பரையில் காராச்சேவு வெந்துகொண்டிருந்தது. மிளகும் பூண்டும் கலந்த வாசனை தெருவரைக்கும் வந்தது. கடைக்காரர் ஆளுக்கு ஒரு கிள்ளு கையில் வைத்தார். சூடு ஆறாத சேவு, வாயில் போட்டதும் பொடிந்தது. "நல்லாருக்கா? நல்லாருக்குல்ல?" என்று எங்கள் எல்லோரிடமும் கேட்டுவிட்டு, ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறையக் கட்டச் சொன்னார். வேனில் ஏறியதும் பெட்டி பிரியும் என்று காத்திருந்தோம். அவர் அதைத் தன் இருக்கைக்குக் கீழே வைத்து, இரண்டு பக்கமும் காலைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். கோவில்பட்டியில் வாங்கிய கடலை மிட்டாயும் அதே காலுக்கு நடுவில் போனது.

கடைசியில் பெரிய டீச்சர்தான் கேட்டார். பள்ளியில் எல்லோரையும்விட மூத்தவர், தலைமையாசிரியரையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கணீரென்று பாடுகிற குரல் அவருக்கு. அதே குரலில்தான் வகுப்பிலும் பேசுவார், காய்கறிக் கடையிலும் பேசுவார்.

"சார், பொட்டலத்தப் பிரிங்க. வாய் சும்மா இருக்கு."

"அது வந்து டீச்சர்... அய்யா வீட்டுக்கு."

"எந்த அய்யா?"

"நம்ம அதிகாரி அய்யாதான். போற ஊருலெல்லாம் ஒன்னு வாங்கிட்டுப் போனாத்தான, வழி முழுக்க நாம அவுகள நெனச்சோம்னு தெரியும்?"

விருதுக்குப் பெயர் எழுதி மேலே அனுப்புகிறவர் அந்த அதிகாரிதான். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி, நல்ல காரியம் செய்த மனிதனின் முகத்தோடு காற்று வாங்கினார்.

திருநெல்வேலியில் அல்வாக் கடை முன்னால் கூட்டம் முண்டியடித்தது. அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும், பக்கத்துக் கடையில் வாங்கினால் அய்யா கண்டுபிடித்துவிடுவார் என்று எங்கள் ஆண் ஆசிரியர்களைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டார். நான் என் கைக்காசில் ஒரு துண்டு வாங்கினேன். வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தார்கள். நெய் விரல் வழியே இறங்கியது. நாக்குச் சுட்டது. நிறுத்த முடியவில்லை.

"பொம்பளப் பிள்ளைக ரோட்டுல நின்னு திங்கிறதா?" என்றார் தலைமையாசிரியர்.

"நீங்க உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு வாங்கிக் குடுங்க சார், உக்காந்து திங்கட்டும்" என்றார் பெரிய டீச்சர். தலைமையாசிரியருக்கு அப்போது காது கேட்கவில்லை.

குற்றாலத்தில் குளித்தோம். அருவிக்கு யாரும் காசு கேட்கவில்லை, அதனால் அவரும் குறுக்கே நிற்கவில்லை. சுற்றிலும் புரோட்டாக் கடைகளில் கல் தட்டுகிற சத்தம். நாங்கள் லாட்ஜ் தரையில் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு தின்றோம். மறுநாள் காலையில் மிச்சச் சோறு ஊசிப்போய் நூல் விட்டிருந்தது. "இட்லி சாப்பிடுவோம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினார். அதற்குப் பிறகு வண்டியை எங்கேயும் நிறுத்த விடவில்லை. மத்தியானம் விருதுநகருக்குள் நுழைந்தபோது, எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

"நின்னா பால்கோவா கெட்டுப்போகும். அய்யா வீட்டுல கொடுத்துட்டு நேரா அவுகவுக வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

அதிகாரியின் வீடு திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தது. அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வேனில் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, பெல்ட் போய்விட்டது, டவுனில் வாங்கி வருகிறேன் என்று எதிரே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மழைக்கு உழுது போட்ட கரிசல். கண்ணுக்கு எட்டிய தூரம் கடையில்லை, வீடில்லை. வேன் அடுப்பு மாதிரிக் காய்ந்தது, உள்ளே உட்கார முடியவில்லை. ரோட்டோரம் ஒரே ஒரு உடைமுள் மரம், அதன் கீழே பாய் விரிக்கிற அளவுக்கு நிழல். தலைமையாசிரியர் முதலில் பால்கோவாவைக் கொண்டுபோய் அந்த நிழலில் வைத்தார். அடுத்து அல்வாவை வைத்தார். கடலை மிட்டாய் உருகிவிடும் என்று அதையும் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றார்.

பால்கோவாவுக்கு நிழல். எங்களுக்கு வெயில். அதையும் ஏற்றுக்கொண்டு சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி நின்றோம் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வெகுநேரம் ஆகியும் டிரைவரைக் காணோம். பெரிய டீச்சர் நேராக நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு அல்வாப் பொட்டலத்தை எடுத்து வைத்து, சணலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"டீச்சர்! டீச்சர்! அது அய்யா வீட்டுக்கு வாங்குனது!"

"ஏன் சார், அய்யா வீட்டுல அடுப்புல ஒலை வைக்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டு ஒரு விள்ளல் வாயில் போட்டார். "வாங்கம்மா. துட்டு நம்மதான."

நான்தான் முதலில் போனேன். பிறகு எல்லோரும் வந்தார்கள். நெய் உறைந்த அல்வாவை விரலால் பிய்த்துத் தின்றோம். தலைமையாசிரியர் மற்ற பொட்டலங்களின் மேல் கோழி முட்டையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டு, "ஒன்னு போதும், ஒன்னோட நிறுத்துங்க" என்று கெஞ்சினார். அவருக்கும் பசிதான். ஒரு துண்டை நீட்டினேன். சாமிக்கு வைத்த படையலில் எச்சில் கை பட்டதைப்போல் முகத்தைச் சுளித்தார்.

டிரைவர் வந்து பெல்ட்டை மாட்டிய பிறகு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதிகாரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி பனியனோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"டூரா? எங்க போனீக?"

தலைமையாசிரியர் ஊர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொட்டலமாகக் காலடியில் வைத்தார்.

"எனக்குச் சுகரு இருக்குல்ல. இனிப்பத் தொடக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு" என்றார் அதிகாரி.

"காராச்சேவு இருக்குங்கய்யா! சாத்தூரு!"

"பல்லு ஆடுதுய்யா."

தலைமையாசிரியர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அதிகாரியின் மனைவி வந்து, "எதுக்கு இதெல்லாம்? சரி, உள்ள கொண்டுபோய் வைங்க" என்றார். அதாவது, நானும் பெரிய டீச்சரும் தூக்கிக்கொண்டு போனோம்.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. உள்ளே நுழைந்ததும் புளித்த பால் வாடை. சுவரோரமாக அட்டைப் பெட்டிகளும் பொட்டலங்களும் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அதே ஸ்ரீவில்லிபுத்தூர், அதே கோவில்பட்டி, நாங்கள் முண்டியடித்து வாங்கிய அதே கடை அல்வா. பல பொட்டலங்களில் சணல்கூடப் பிரிக்கவில்லை. எறும்பு வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வேலை செய்கிற அம்மா பாத்திரத்தைக் கழுவியபடியே எங்களைப் பார்த்தார்.

"அங்கிட்டுப் போடுங்க தாயி. லீவு விட்டா இப்படித்தான், வாத்தியாருமாரு மாறி மாறிக் கொண்டாராக. மாட்டுக்கு வச்சுப் பார்த்தேன். அதுவும் மோந்து பார்த்துட்டுப் போயிருச்சு."

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாங்குகிறவனுக்கு வேண்டாம், கொடுக்கிறவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், நடுவில் மாடு மட்டும் மானத்தோடு இருந்திருக்கிறது.

புறப்படும்போது அதிகாரியின் மனைவி உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "வெறுங்கையோட போகாதீக" என்று தலைமையாசிரியரிடம் நீட்டினார். அவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர்போல் குனிந்து வாங்கினார்.

வேன் கிளம்பியதும் எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பாருங்க. அய்யா வீட்டுலருந்து நமக்குக் குடுத்து விட்டிருக்காக. மனுசரு எப்பேர்ப்பட்டவரு!"

பிரித்தார். அல்வாதான். எறும்பு மொய்த்திருந்தது. ஊதிவிட்டு ஒரு துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாயில் போட்டார். பிறகு எல்லோருக்கும் நீட்டினார். மரத்தடியில் எங்களோடு உட்கார்ந்து தின்ற அதே ஆசிரியர்கள், அந்தக் காய்ந்த துண்டுகளை ஒவ்வொருவராக வாங்கி, "நல்லாருக்கு சார்" என்று மென்றார்கள்.

"எறும்புக்கே இருக்கட்டும் சார்" என்றார் பெரிய டீச்சர்.

உள் அறையில் பார்த்ததைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இரக்கத்தால் அல்ல. சொன்னாலும் அவர் வெட்கப்படமாட்டார், கொண்டு போனது போதவில்லை என்றுதான் நினைப்பார் என்று தெரிந்ததால்.

அப்படித்தான் ஆனது. அந்த முறை விருது பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போனது. அவர் அதிகாரி வீட்டில் கிடா கொண்டுபோய்க் கட்டினார் என்று பேச்சு. எங்கள் ஆளுக்குத் தன் தவறு புரிந்துவிட்டது: பண்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார். மறு வருடம் ஆசிரியர் கூட்டத்தில் கிடாவுக்கு நிதி கேட்டார். பெரிய டீச்சரும் நானும் தர மாட்டோம் என்றோம். அதற்குத் தண்டனையாகப் பெரிய டீச்சருக்கு ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பு, எனக்கு ஓட்டைக் கூரைக்குக் கீழே மூன்றாம் வகுப்பு. மழை அதிகம் பெய்யாத ஊர் என்பதால் தப்பித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையம்பட்டிக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்தது. பஸ் பிடிக்க வேண்டாம், தலைமையாசிரியர் முகத்திலும் விழிக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான், ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், அவருக்கு விருது கிடைத்தது. ஊரில் பாராட்டு விழா வைத்தார்கள். பழைய ஆசிரியர்களை ஏற்றிவர வேன் வைத்திருப்பதாக ஆள் விட்டுச் சொன்னார்.

"என்ன சொல்லட்டும் டீச்சர்?" என்று வந்தவர் கேட்டார்.

"வீட்டுல வேல கெடக்குன்னு சொல்லிருங்க" என்றேன்.

பொய்யில்லை. அன்று மூட்டை கட்டி வைத்திருந்த துணி முழுவதையும் துவைத்துக் காயப்போட்டேன்.