என் கால் மூன்று அங்குலம் வளர்ந்த கதை

இன்று காலை சைக்கிள் கடையில் தெரிந்தது, என் காலை நானே தப்பாக அளந்திருக்கிறேன் என்று.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ரயில்வே கேட் அருகே பழைய சைக்கிளிலிருந்து இறங்கும்போது, நடுக்கம்பியைத் தாண்டிக் கால் வரவில்லை. விழுந்தேன். முழங்கையில் நான்கு தையல்.

மறுநாளே என் மனைவி சரசு அந்த வண்டியை நல்லூரிலிருந்து பால் கொண்டு வருபவரிடம் கொடுத்துவிட்டாள்.

"கால தூக்கிப் போடத் தெம்பு இல்ல. இன்னொரு தடவ வுழுந்தீங்கன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்லயே இருங்க" என்றாள்.

ரிட்டயர் ஆன பிறகு, வாரத்தில் மூன்று நாள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன செராமிக் யூனிட்டுக்குப் போகிறேன். அந்தப் பக்கம் பஸ் இல்லை. தினம் ஆட்டோ கட்டுப்படியாகாது.

அங்கே மண் பதம் சரியா என்று என்னைத்தான் கேட்பார்கள். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை (ரிமோட் எங்கே என்பது தவிர).

ஆகவே நான் விழாமல் ஓட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும். விலை மூவாயிரத்துக்குள். வேலைக்கும் ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பர் கோயில் வரை காற்று வாங்கிப் போய்வரவும் ஆக வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். கியர் வேண்டுமா, டயர் எத்தனை அகலம், எல்லாம் நோட்டில் எழுதினேன். காலின் உட்புற அளவுதான் முக்கியம் என்று போட்டிருந்தது. சுவரோடு நின்று டேப் பிடித்து அளந்தேன். முப்பத்திரண்டு அங்குலம்.

கடையில் ஒரு அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், வண்டி உங்களுக்கா, பையனுக்கா?"

"எனக்குத்தாம்மா."

மறுபேச்சு இல்லாமல் இருப்பதிலேயே உயரமான வண்டியை எடுத்து வைத்தார். ஏறினேன். இரண்டு காலும் அந்தரத்தில் இருந்தன. அவர் ஹேண்டிலைப் பிடிக்காவிட்டால் இன்னும் நான்கு தையல்.

டேப் எடுத்து வந்து அவரே அளந்தார். "இருவத்தொம்போதுதான் சார் இருக்குது. மூணு இன்ச்சு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்கும் புரியவில்லை. நோட்டைத் திருப்பினால் 29 என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தில் பத்து சதவீதம் கூட்டியிருந்தது.

நண்பர்களுக்கு விளக்க வேண்டும். மண் பொருள் சூளையில் வெந்ததும் சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிடக் கூட்டித்தான் அச்சு செய்வோம். முப்பது வருடப் பழக்கம். கை தானாகக் கூட்டிவிட்டது.

"சார் செராமிக்கா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க வூட்டுக்காரரும் அதே வேலதான். ஜன்னல் ஸ்கிரீனுக்கு அளவு எடுக்கச் சொன்னேன், தரையக் கூட்டுற நீளத்துக்கு எடுத்தாந்தாரு. உங்க கால யாரு சார் சூளையில வைக்கப்போறாங்க?"

பிறகு நடுக்கம்பி இல்லாத, தாழ்வான ஒரு வண்டியைத் தள்ளி வந்தார். காலைத் தூக்கவே வேண்டாம், அப்படியே உள்ளே வைத்து ஏறினேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஒரு மாதமாக இருந்த பயம் அந்த இடத்தில் குறைந்தது.

காற்றடித்துக்கொண்டிருந்த ஒருவர், "பெரியவரே, அது லேடீஸ் வண்டி" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இறங்கப் போனேன்.

"வுழுந்து எழுந்திருக்கும்போது ஜென்ட்ஸ் வண்டின்னு வலி கம்மியாவா இருக்கும்? நீ காத்தடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் அந்த அம்மா அவரிடம்.

வாங்கிவிட்டேன். ஆனால் ஓட்டவில்லை. யாரும் பார்க்காத சந்துகள் வழியாகத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன் (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்).

சரசு வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என நினைத்தேன்.

"தள்ளுங்க, பிரேக்கு புடிக்குதான்னு பாக்குறேன்."

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறினாள். தெரு முனை வரை போனாள், திரும்பினாள், பெல் அடித்தாள், என் காலுக்கு ஒரு அடி முன்னால் கச்சிதமாக நிறுத்தினாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம்.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஸ்கூலுக்கு அதுலதான் போவேன்."

"சொல்லவே இல்லியே."

"உங்க வண்டியில நடுவுல கம்பி. சீலையோட எப்படி ஏறுறது? சொல்லி என்ன ஆவப்போவுது?"

ஹேண்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன்.

சீட்டைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல வண்டி. வேலைக்கிப் போயிட்டு வாங்க. ஆனா அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி வூட்ல இருக்கணும். நான் கோயிலுக்குப் போவணும்."

யூனிட் விடுவது ஐந்தரைக்கு. நாளை முதலாளியிடம் முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். என்ன காரணம் சொல்வது, நண்பர்களே? எனக்குக் கேட்பதற்கே கூச்சம். அவளிடம் மாட்டேன் என்று சொல்ல அதைவிடக் கூச்சம்.