வாளியில் வற்றிய ஏரி

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் உப்பக்கா. எந்தக் காலத்திலோ வற்றிப்போன ஏரிகள் மண்ணுக்கடியில் விட்டுப்போன உப்புப் பாறையை, எண்ணெய் விட்டு மெல்லிய தகடாக அறுப்பது அவள் வேலை. அந்த அறைக்குத் தண்ணீரே ஆகாது. தாகமெடுத்தால்கூட வெளியே போய்த்தான் குடிக்கவேண்டும்.

வாய்த்த கணவரோ தண்ணீர்ப் பைத்தியம். புதுச் சீப்பைக்கூட ஊறவைத்துத் தேய்க்காமல் தலையில் வைக்கமாட்டார். "என்னையும் ஒருநாள் ஊறப்போட்டுடாதீங்க" என்பாள்.

அன்று அவளை அழைத்துப்போக வந்தவர், அவள் எண்ணெய் எடுக்கப் போன நேரம், மேசையில் அழுக்கேறிக் கிடந்த கல்லைப் பார்த்துவிட்டார். பெண்டாட்டிக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் பாவம், வெளிக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவந்து, அதில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். அவள் திரும்பி வந்தபோது மாம்பழம் அளவு இருந்த கல் எலுமிச்சை அளவாகியிருந்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அந்த ஏரியில மிஞ்சின ஒரே கல்லுங்க!"

"அழுக்கா இருந்துச்சேம்மா..."

ஏரி வற்றும்போது உப்புப் படிகத்துக்குள் அதன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மாட்டிக்கொள்ளும். ஏரி எப்படி இருந்தது என்று அந்தச் சொட்டைத்தான் கேட்கவேண்டும். கல்லெடுத்த சுரங்கமும் மூழ்கிவிட்டது. மிஞ்சியதைத் துடைத்து அறுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். முதல் தகட்டில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் ஒரு சொட்டு, உள்ளே குட்டிக் குமிழி.

"இருக்கு" என்றாள். அவர் வாளியைக் கொட்டாமல் ஓரமாக நகர்த்திவைத்தார்.

ஆய்வுக்கூடத் தலைவியான மேடத்திடம் உள்ளதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சோதித்ததில், சொட்டில் மக்னீசியம் மிகுதி: உப்பெல்லாம் அடியில் படிந்தபின் ஏரியில் மிஞ்சிய கசப்பு நீர் அது. விடை கிடைத்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. வீட்டில் பேச்சு நின்றது. அவரோ அந்த வாளியை வீட்டுக்குத் தூக்கிவந்து, மாடி வெயிலில் தட்டுத் தட்டாக ஊற்றிக் காயவைத்து, தூசி விழாமல் காவல் இருந்தார்.

ஒரு காலை அவள் முன்னால் டப்பாவை நீட்டினார். "கரைஞ்சது எல்லாம் இதுல இருக்கு. ஒரு பொட்டு சிந்தல. ஆனா ஓரத்துல ஒரு ஈரம் காயவே மாட்டேங்குது."

குழாய்த் தண்ணீர் கலந்த உப்பு; எந்தச் சோதனைக்கும் உதவாது. ஆனால் மனுஷர் ஒரு ஏரியையே மறுபடி வற்றவைத்திருக்கிறார். "அதுதான் கசப்பு. லேசுல காயாது" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"கழுவித் துடைச்ச டப்பாதான்."

"கழுவாம விடுவீங்களா!" என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த டப்பா இன்றும் அவள் மேசையில்தான் இருக்கிறது, தகடுகளுக்குப் பக்கத்தில்.