ஒட்டுப்பால் நாறிய நாணயம்

குளச்சலில் நான் நடத்தும் மருந்துக்கடைக்கு வரும் சில்லறையில் பாதி மீன் சந்தையிலிருந்து வருவது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் கறுத்திருக்கும், சிலதில் பச்சை பிடித்திருக்கும். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்க ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாதபோது அதை நாணயங்கள் மேல் பிடித்துப் பார்ப்பேன். அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயம் அபூர்வமாக ஒன்று சிக்கும்; அதை எடுத்துச் சேர்த்து வைப்பேன்.

பிழை என்று நினைத்து எடுப்பவை பெரும்பாலும் பிழையல்ல. உப்பு தின்றால் பரப்பு சொரசொரவென்று குழி விழும். அச்சு விலகி விழுந்திருந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், ஆனால் விழுந்த எழுத்து கூர்மையாக இருக்கும். நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் நசுங்கினால், உலோகம் நகரும்போது எழுத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என் வாயிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் இரணியலில் டியூஷன் முடிந்து பஸ் ஏறிக் கடைக்கு வந்தவள், கண்ணாடி மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்தாள். வழக்கத்தைவிட அகலம். ஓரத்து வரிகள் இல்லை.

"எம்மா, இது எர்ரர் காயின்தானே?"

"எங்கேருந்து கிடச்சுது?"

"மீன்காரி தந்த சில்லறை."

மருந்துக்கு நின்ற மீன்கார அம்மா எட்டிப் பார்த்தார். "எங்க தலையில போடாத மக்கா. எங்க பைசா மீன் மாதிரி நாறும். இப்பிடித் தோசை மாதிரி பரந்து கிடக்காது."

சிரித்துக்கொண்டே லென்ஸை எடுத்தேன். ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அடித்தாலும் நாணயம் இப்படிப் பரக்கும். அதுவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எழுத்துகள் ஒரே திசையில் நீண்டு, மழுங்கிக் கிடந்தன. திருப்பினேன். பின்புறம் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி மோந்தேன். ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் வெட்டில் வழிந்து உறைந்த பால். அந்த நாற்றம் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை.

இரணியலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். அதைத் தாண்டினால் ரயில் பாதை. அங்கே பாதை இரண்டு பக்கமும் மண்சுவர் எழும்பிய பள்ளத்துக்குள் வளைந்து போகிறது. வண்டி வளைவு திரும்பும்வரை சத்தம் கேட்காது.

மீன்கார அம்மா போகும்வரை பொறுத்திருந்தேன்.

"தண்டவாளத்துல ஒட்டுப்பால் வச்சு ஒட்டினியா?"

"சும்மா வச்சா வண்டி வருததுக்கு முன்னயே அதிர்ந்து விழுந்திரும்மா. ஒட்டுனா நிக்கும்."

"கூட யாரு?" என்றேன். பக்கத்து வீட்டுத் தோழி.

"வண்டி வரும்போ எங்க நின்னிய?"

"சுவரோட சேந்து." தனக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடத்தைக் கையை விரித்துக் காட்டினாள். அவள் கை அவ்வளவாக விரியவில்லை.

"உங்கிட்ட இந்த மாதிரி ஒண்ணு இல்லேல்லா" என்றாள். பிறகு, "அவளுக்கும் ஒண்ணு ஒட்டியிருக்கு. அடுத்த வண்டி போனப்புறம் எடுக்கணும்னு சொன்னா."

தோழியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர், பிள்ளை துணி மடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வெளியே விடாதீங்க, கடையப் பூட்டிட்டு வாரேன் என்றேன். ஷட்டரை மகள்தான் பூட்டினாள்.

தோழியின் அம்மாவும் நானும் இப்போது முறைவைத்து டியூஷனுக்குப் போய் இருவரையும் கூட்டி வருகிறோம். ஒட்டிய அந்த இன்னொரு நாணயம் அங்கேதான் எங்கோ கிடக்கும்.

"எடுக்கப் போனியளா?" என்று தினமும் கேட்கிறேன்.

"இல்லம்மா."

சில நாள் நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறாள்.