பீச் பழத்து அம்மன்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே ஒரு சீனத்து அம்மன் இருந்தார். அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஜெர்மனியில் நாங்கள் இருந்த ஹம் நகரத்து ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சீன உணவகத்தில் அவருக்கு வேலை. வெங்காயம் வெட்டுவதும் பெரிய சட்டிகளைக் கழுவுவதும்தான் அந்த வேலை. ஆனால் மாமா கதைப்பதைக் கேட்டால் அந்த உணவகமே அவர் தோளில்தான் நிற்கிறது என்று நம்பவேண்டியிருக்கும்.

ஒருமுறை அந்த உணவகத்தின் நிலவறையை ஒதுக்கினார்களாம். பழைய முதலாளி விட்டுப்போன உடைந்த கதிரைகளுக்கும் காகித விளக்குகளுக்கும் இடையில் முழங்கை உயரத்தில் ஒரு பீங்கான் சிலை கிடந்தது. தலையில் கிரீடம், ஒரு கையில் பழம், காலடியில் நீண்ட வாலோடு ஒரு பறவை. மற்றக் கையில் சுண்டுவிரல் போயிருந்தது. சாமியைக் குப்பையோடு போட்டிருக்கிறார்களே என்று மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கித் தன் ஜாக்கெட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்த எந்தச் சாமியையும் அம்மா திருப்பி அனுப்பியதில்லை. கேவலார் தேவாலயத்து மாதாவே அங்கே எப்போதோ குடியேறியிருந்தார். அம்மா சிலையைக் கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மயில் நிக்குது. கையிலை மாம்பழம் இருக்கு. இது முருகன்ரை ஆக்கள்தான். வள்ளியம்மை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வள்ளி தினைப்புனம் காத்தவள், இவர் உடுத்திருப்பதைப் பார்த்தால் அரண்மனைப் பெண், ஆகவே தெய்வானை என்றார். இரண்டு பேரும் ஒரு கிழமை இதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த அம்மனுக்குக் குங்குமப் பொட்டு, பிளாஸ்ரிக் மல்லிகை மாலை, வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் குறைவில்லாமல் கிடைத்தன. யார் என்று தெரியாதவருக்கு அவ்வளவு உபசாரம் நடந்த வீடு ஹம்மில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்போது பெரியம்மாவும் எங்களோடு இருந்தார். அம்மாவின் மூத்த சகோதரி. ஊரில் சண்டை முடிந்தபிறகு, எந்தெந்த நாட்டையோ சுற்றிக் கடைசியில் தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். என் அறையில்தான் அவருக்கும் கட்டில். பெரியப்பா முன்னமே இறந்துவிட்டார். ஒரே மகன், சண்டையின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்தபோது பிரிந்துபோனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த அண்ணனை நான் பெரியம்மாவின் தலைமாட்டில் இருந்த படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சேர்ட், அரும்புமீசை. எங்கள் வீட்டில் அவரைப்பற்றிக் கதைக்கும்போது 'இன்னும் வரவில்லை' என்பார்கள். வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

மகன் வந்து சேரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று பெரியம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தார். மீன், இறைச்சி மட்டுமில்லை, முட்டை சேர்ந்த கேக்கும் ஆகாது. என் பிறந்தநாட்களில் கேக்குக்கு மேலே இருக்கும் செர்ரிப் பழத்தை மட்டும் எடுத்து, அதையும் தண்ணீரில் அலசிச் சாப்பிடுவார். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கீழே யார் மணி அடித்தாலும், எங்கே இருந்தாலும் எழும்பிக் கதவுக்குப் போய்விடுவார். தபால்காரருக்கும், விளம்பரத் தாள் போடுகிற பெடியனுக்கும் அவர்தான் கதவு திறந்தார். பெரியம்மாவுக்குப் புதினம் பார்க்கிற ஆசை கொஞ்சம் கூட என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அவருக்கு இதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. ஒப்பரேஷன் சரியாகத்தான் முடிந்தது, ஆனால் உடம்பு தேறவில்லை. சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனார். மணி அடித்தால் எழும்பப் பார்ப்பார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவார். "ஆர் பிள்ளை? ஆர் வந்தது?" என்று என்னைக் கேட்பார். பேப்பர் போடுகிற ஆள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்.

அம்மாவும் அப்பாவும் ஷிப்டில் வேலை செய்ததால் டொக்டரின் டெர்மினுக்கு, அதாவது அவர் குறித்துத் தருகிற நேரத்துக்கு, மொழிபெயர்ப்பாளராக நான்தான் போவேன். நாலாம் வகுப்புப் படிக்கிற எனக்கு அது பெரிய உத்தியோகம். இரத்தத்தில் சத்தே இல்லை, இறைச்சி, மீன், முட்டை என்று எதையாவது சாப்பிடத்தான் வேண்டும், இப்படியே போனால் அடுத்த குளிர்காலத்தைத் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். குளிர்காலத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்து, நான் சொல்லாமல் விட்டதையும் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஏலாது எண்டு சொல்லு பிள்ளை. நன்றியும் சொல்லு" என்றார்.

அம்மா கெஞ்சினார், அழுதார், முருகன் கோபிக்கமாட்டார் என்று முருகனுக்காகவும் பேசினார். ஒன்றும் எடுபடவில்லை. மாமா வேறு வழியில் போனார். ஒரு நாள் மரக்கறி சூப் என்று சொல்லிக் கோழி அவித்த தண்ணீரைக் கலந்து கொண்டுவந்து நீட்டினார். பெரியம்மா கரண்டியை வாய்வரை கொண்டுபோய் மணந்துவிட்டுக் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார். ஏசவில்லை. அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். எந்நேரமும் பகிடி விடுகிற மாமா குசினிக்குள் போய், யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டுச் சட்டி எல்லாவற்றையும் கழுவிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அம்மனைப்பற்றி விசாரிக்கத் தோன்றியது. முதலாளியம்மா சொன்ன கதையோடு வந்தார். இவர் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. மேற்குத் திசை மலையில் இருக்கிற மகாராணி. பறவை மயில் இல்லை, பழமும் மாம்பழம் இல்லை, பீச் பழம். அவருடைய தோட்டத்தில் அந்தப் பழம் மூவாயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் பழுக்கும். அதைச் சாப்பிட்டவருக்குச் சாவு கிடையாது.

அப்பா சிரித்தார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் ஆள் மாறிக் கும்பிட்டுவிட்டோமே, இனி என்ன செய்வது என்று சிலையைப் பார்த்தபடி நின்றார். கட்டிலில் இருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது.

"இருக்கட்டும். அவவை எடுக்காதைங்கோ."

அந்த வெள்ளிக்கிழமையில் இருந்து பெரியம்மாவே துருக்கிக் கடையில் பீச் பழம் வாங்குவித்து அம்மனுக்குப் படைக்கத் தொடங்கினார். கல்லுப்போன்ற பழங்கள். விளக்கு அணைந்தபிறகு அதை மெல்லியதாக வெட்டித் தானே சாப்பிடுவார், எனக்கும் ஒரு துண்டுதான் தருவார். எதையும் எனக்கு முழுதாகத் தந்துவிடுகிற பெரியம்மா இதில் மட்டும் கையை இறுக்கிக்கொண்டார். சாகப் பயம்போல என்று நான் நினைத்தேன். நினைக்கவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என் கண்ணில் அவர் எதற்கும் பயப்படாதவர்.

கோடை முடிகிற நேரத்தில் பெரியம்மாவின் பிறந்தநாள் வந்தது. மாமா அதை உணவகத்தில் சொல்லியிருக்கிறார். வயதானவர்களின் பிறந்தநாளுக்கு அவர்கள் ஊரில் பீச் பழ வடிவத்தில் பணியாரம் அவித்துக் கொடுப்பார்களாம், ஆயுள் நீளுமாம். உணவகம் பூட்டியிருக்கிற திங்கட்கிழமை முதலாளியம்மாவே மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்ன உருவம், கட்டையாக வெட்டிய தலைமயிர், கையில் துணியால் மூடிய பெட்டி.

வந்தவரின் கண் நேரே சாமித்தட்டில் விழுந்தது. அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அவருடைய மகாராணி நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் மாலையோடும், இரண்டு பக்கமும் பிள்ளையாரும் முருகனும் காவலிருக்க, நடுவில் நின்றுகொண்டிருந்தார். கோபிக்கப்போகிறாரோ என்று எல்லோரும் அவருடைய முகத்தையே பார்த்தோம். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். உடைந்துபோன சுண்டுவிரலின் இடத்தில் அம்மா மஞ்சள் நூல் சுற்றிவிட்டிருந்தார், அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலை குனிந்து கும்பிட்டுவிட்டு ஜெர்மனில் சொன்னார், நான் தமிழாக்கினேன்.

"கீழை நிலவறையிலை அவவுக்குச் சரியான குளிராயிருந்திருக்குமாம். இப்ப நல்லாயிருக்கிறாவாம்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். பெரியம்மாவும் வெளியே வந்து எதிரே உட்கார்ந்தார். முதலாளியம்மா துணியை எடுத்தார். வெள்ளை மாவில், நுனி மட்டும் இளஞ்சிவப்பாக, பச்சை மாவில் இலைகளும் வைத்து, உண்மையான பழங்களைவிட அழகாக இருந்தன. ஆவி இன்னும் அடங்கவில்லை. மூத்தவருக்கு முதல் என்று ஒன்றை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மரக்கறிதானே என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். முதலாளியம்மா ஒளிக்காமல் சொன்னார். உள்ளே சிவப்புப் பயறும் சீனியும், அது பதமாக வரப் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது வழக்கம், அவருடைய அம்மாவும் அப்படித்தான் செய்வார்.

"உள்ளை பண்டிக் கொழுப்பு இருக்காம்" என்றேன்.

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். இந்த முறை அவர் ஒரு தந்திரமும் செய்யவில்லை, சொல்ல மறந்துபோயிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்த முதலாளியம்மாவுக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பணியாரத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார். பெரியம்மா எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"கேள் பிள்ளை. இதைச் சாப்பிட்டா எவ்வளவு காலம் இருக்கலாமாம்?"

நான் கேட்டேன். முதலாளியம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பெரியம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா அண்ணனைப்பற்றிச் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

"காணுமான அளவு காலமாம்" என்று, போதுமானவரை என அவர் ஜெர்மனில் சொன்னதைச் சொன்னேன்.

பெரியம்மா பணியாரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். சாமித்தட்டில் முருகன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கடித்தார். முகம் சுளித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினார். திரும்பவும் கடித்தார். முழுவதையும் சாப்பிட்டுச் சேலையில் விழுந்த துகளையும் பொறுக்கி வாயில் போட்டார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாமா யன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளே பெரியம்மா அம்மாவிடம் மீன் சூப் வைக்கச் சொன்னார்.

எனக்குப் பெரியம்மாவில் சரியான கோபம். மீன் சூப் குடித்த அன்று பின்னேரம் அறைக்குள் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் அண்ணன் அரும்புமீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்காக நான் கேட்டேன்.

"அப்ப இனி அண்ணை வரமாட்டாரா, பெரியம்மா?"

"வருவான். வரேக்கை நான் இருக்கவேணுமெல்லே? ஆர் கதவு திறக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம்! "நான் திறப்பன்" என்றேன்.

"உனக்கு அவனைத் தெரியாதே, குஞ்சு."

"படத்திலை பாத்திருக்கிறன்தானே."

"படத்திலை சின்னப் பெடியன். இப்ப மாறியிருப்பான்" என்றார் பெரியம்மா. பிறகு என்னைக் கிட்ட இழுத்து, "சரி, நான் இல்லாட்டி நீ திற" என்றார். ஓம் என்றேன். பெரியவர்கள் எதற்கெல்லாம் மினக்கெடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

பெரியம்மா அதற்குப் பிறகு பல குளிர்காலங்கள் இருந்தார். அந்தக் காலம் முழுக்க எங்கள் வீட்டுக் கதவை அவர்தான் திறந்தார். இப்போது அந்த அம்மன் எசன் நகரத்தில் என் வீட்டில், விரலில் மஞ்சள் நூலோடு நிற்கிறார். மணி அடித்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நான் எழும்பிப் போகிறேன். பொதி கொண்டுவருகிறவர் நடுவயதுக்காரராக, எங்கள் நிறத்தவராக இருந்துவிட்டால் அவருடைய முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிடுகிறேன். எங்கே கையெழுத்து வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, அவர் விரலால் தொட்டு இடத்தைக் காட்டுகிறார்.